ஏழாவது பொருள்

போட்டியே இல்லை.
இரவுப்பணி முடிந்த காலை
கொட்டாவியோடு சோம்பல் முறித்தேன்,
தூக்கிய கையை எண்ணிக்கொண்டார்கள்.
அப்படித்தான் ஆனேன்
நாடெங்கும் மூளை அறுவை பயிலும்
இருநூற்றுச் சொச்சம் பேருக்குப் பிரதிநிதி.
தலைக்குள் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும்
தலைக்கு மேல் வேலை;
கூட்டத்துக்குப் போக ஓர் இளிச்சவாயன் வேண்டியிருந்தது.

மூன்று மாதத்துக்கொருமுறை
கார்டிஃபிலிருந்து லண்டனுக்கு ரயில்.
செவர்ன் ஆற்றின் அடியில் சுரங்கம் விழுங்கும்போது
அலைபேசிக்கு உயிர் போகும்.
நாலு நிமிடம்
என்னை யாரும் கூப்பிட முடியாது.
ஓய்வு நேரக் கணக்கில் அதைச் சேர்க்கலாமா என்று
முதல் கூட்டத்தில் கேட்டேன்.
குறிப்பேட்டில் பதிவாகவில்லை.

மேசை நீளம்.
பிஸ்கட் தட்டு என் முனைக்கு வருவதற்குள்
தூள்தான் மிச்சம்.
நிதி, தேர்வுத் தேதி, மாநாட்டு விருந்து,
யாருடைய படத்தை மாடிப்படியில் மாட்டுவது.
ஏழாவது பொருள்: பயிற்சியாளர் விவகாரம்.
அதற்குள் பாதிப்பேருக்கு
ஒரு கை கோட்டுக்குள் போய்விட்டது.

என் பையில் கடிதங்கள்.
பெயர் சொல்லாதே என்று வந்தவை.
ஹல் நகரத்தில் ஒருத்தி, ஆறாம் மாதம்,
ஈய அங்கி வயிற்றைச் சுற்றி வரவில்லை.
பெரிய அளவு கேட்டாள்,
பெரிய படிவம் கிடைத்தது.
பிளிமத்தில் ஒருவன்
ஆறு மாதத்தில் தன் கையால் எடுத்த கட்டிகள் இரண்டு,
பிறர் எடுக்கப் பிடித்துக்கொண்டு நின்ற மணிநேரம்
எண்ணவில்லையாம், எண்ணினால் விட்டுவிடுவேன் என்கிறான்.

மோர்வென்னா ட்ரெலோர் மட்டும்
என் பெயரைச் சொல் என்றாள்.
இருபத்தாறு மணிநேரம் விழித்திருந்து
ஒரு சிறுவனின் மண்டைக்குள் உறைந்த ரத்தத்தை வெளியேற்றி
அவன் கண் திறந்து
தன் காலணி எங்கே என்று கேட்டதையும் கேட்டுவிட்டு
வீட்டுக்குப் போகிற வழியில்
கல்வேலியில் காரை ஏற்றினாள்.
காறை எலும்பு இரண்டு இடத்தில்.
முகமெல்லாம் ஏர்பேக்கின் வெள்ளைத் தூளோடு
அவள் முதலில் அழைத்தது ஆம்புலன்ஸை அல்ல,
நாளைக்கு யார் நிற்பது என்று கேட்க
வார்டை.

"எங்கள் காலத்தில்" என்று ஆரம்பித்தார்
தலைவி, பேராசிரியர் ஹில்டா கிராம்ப்டன்.
வாரத்துக்கு நூற்றுப்பத்து மணிநேரம்,
முகம் கழுவும் தொட்டியில் சாய்ந்து தூக்கம்.
எனக்கும் மனப்பாடம் அது.
பாதியில் அவரே நிறுத்தினார்.
"எந்தப் பக்கத்து எலும்பு, இயஸ்டின்?"
வலது என்றேன்.

மேசையைச் சுற்றிப் பதினொரு பேர்.
ஒருவரும் பேசவில்லை.
கோட்டுக்குள் போன கைகள்
வெளியே வந்தன.
எல்தாஹிர் தன் வலது தோளைத்
தெரியாமல் தொட்டுக்கொண்டு
உடையாத பிஸ்கட் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

நம் துளைக்கருவிக்கு ஒரு குணமுண்டு என்றேன்,
எலும்பு முடிந்து சவ்வு தொடங்கும் இடத்தில்
தானே நின்றுவிடும்.
எவரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்,
எந்தக் கையும் ஒருநாள் அசரும் என்று.
பணிப்பட்டியலுக்கும் அப்படியொரு பல்சக்கரம்
போட்டுத்தாருங்கள்.

கல்லில் நார் உரித்தோம்.
எல்லா மருத்துவமனையிலும்
இரவுப்பணிக்குப் பின் தூங்க ஓர் அறை, ஒரு கட்டில்.
தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா என்று
இருபது நிமிடம் சண்டை.
தீ விபத்து விதிப்படி
தாழ்ப்பாள் இல்லை.
பட்டியல் பற்றி ஆராயத்
துணைக்குழு.
அதற்கும் நான்தான், கை தூக்காமலே.

திரும்பும் ரயில்.
தெரியாத எண்.
"நீங்கள்தானே அந்தக் குழுவில்…"
ஆமாம் என்றேன்.
மறுமுனையில் மூச்சு மட்டும்,
பின்னால் ஏதோ கருவியின் பீப் பீப்.
படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான் போலும்.
பெயர் கேட்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே
நிலம் தாழ்ந்துகொண்டே வருகிறது.

சொல்லுங்கள்,
சுரங்கத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது.
துண்டித்துப் போனால் பயப்பட வேண்டாம்,
அந்தப் பக்கம் வெளியே வந்ததும்
நானே கூப்பிடுகிறேன்.